வயல் முழுக்க ஒரே செடி

சுரினாம் கிராமம், 1957 மே 6

நடவு முடிந்தது. படலருகே செழித்து நின்ற அந்த ஒரு புல் குத்திலிருந்து கணு கணுவாக வெட்டி வயல் முழுக்க ஊன்றியாயிற்று. பழைய கலப்படம் எல்லாம் குப்பைக்குப் போனது. இந்தத் தீவில் ஊரார் இதைக் கழுதைப் புல் என்கிறார்கள். அவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

செப்டம்பர் 30

ஒரே உயரம், ஒரே பச்சை. எங்கள் மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரி மேர் சிமோன் புல்தரையைக் கத்தரிக்கோலால் சமன் செய்ய வைப்பார். அவரே வந்தாலும் இங்கே குறை காண முடியாது.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அயோ அக்கா! மாட்டுக்குப் புல்லா, கவர்னர் துரைக்குக் கம்பளமா?" அவள் கடலோரப் பாறையில் கண்டதையும் அறுத்துவந்து போடுகிறவள். தைப்பூசக் காவடியன்று முருகன் அபிஷேகத்துக்கு முதல் குடம் பால் என் வீட்டுப் பால்தான். என் வீட்டுக்காரர் இருந்தபோதும் அப்படி, போன பிறகும் அப்படி. அதை அவள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அக்டோபர் 21

விவசாய இலாகாவிலிருந்து ரெஜிஸ் என்று ஒருவன். சப்பாத்தெல்லாம் சேறு. பாறை ஓரமாக நடந்து, இடத்துக்கு ஒரு பிடி பிடுங்கி ஈரச் சாக்கில் கட்டுகிறான். எல்லாம் அதே கழுதைப் புல்! இதற்கு ஒரு படிப்பு வேறு.

கேட்டேன். "புல் ஒன்றுதான், மதாம். ஆனால் இது உப்புக் காற்றைத் தாங்கும், அது வறட்சியைத் தாங்கும். நாளைக்கு எது வரும், அதற்கு எது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?"

என் வயலைக் காட்டினேன். பாராட்டுவான் என்று பார்த்தால் — "மதாம், இங்கே இருப்பது ஒரே ஒரு செடி. வயல் அகலத்துக்கு நிற்கிறது, அவ்வளவுதான்."

அவன் பிரெஞ்சும் சுமார்தான். தேநீர் கொடுக்கவில்லை.

டிசம்பர் 28

மழை, புழுக்கம். இலைகளில் துரு மாதிரி ஒரு பொடி. விரலில் ஒட்டுகிறது.

1958 ஜனவரி 6

ஒரு மூலைகூட மிச்சமில்லை. மணியடித்ததும் மடத்துப் பிள்ளைகள் மண்டியிடுவதுபோல் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. ஒன்றாவது தப்பியிருக்கக் கூடாதா?

என் மாடு மார்கரித் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கரும்புத் தோகை போட்டேன். பால் பாதியாகிவிட்டது. தைப்பூசத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை.

ஜனவரி 15

பாக்கியத்தின் பக்கமும் துரு வந்ததாம். சில குத்துகளில் மட்டும். மற்றவை பச்சையாகவே நிற்கின்றன. அவள் மாடு வயிறு நிறையத் தின்கிறது.

வேலிமேல் ஒரு கட்டுப் புல் வைத்தாள். "ஆல்லே, எடுத்துக்கோ அக்கா. ரோஷம் உனக்குத்தானே, மாட்டுக்கு என்ன?"

எடுக்கவில்லை. அங்கேயே காய்ந்து போயிற்று. மாடு கத்துது. கத்தட்டும். என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும் — தெரியுமா?

பிப்ரவரி 6

தைப்பூசம் முடிந்தது. மார்கரித் வற்றிவிட்டது. முதல் குடம் பாக்கியம் வீட்டுப் பால். பூசாரி அவள் பெயரை அத்தனை சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நல்லவேளை, இந்த நாட்குறிப்பு கையில் கிடைத்தாலும் என் மருமகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

மே 18

நான் ஆளனுப்பி ரெஜிஸ் வந்தான். காரணம் கேட்கவில்லை, அந்த அளவுக்காவது வளர்த்திருக்கிறார்கள். பாறையிலிருந்து சில பிடி, பாக்கியத்தின் வேலியோரத்திலிருந்து சில பிடி. அவளிடம் நானே போய்க் கேட்டேன். கலந்து நட வேண்டுமாம். வரிசைகூட வேண்டாமாம்!

தேநீர் கொடுத்தேன். மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்கிறான்.

நவம்பர் 3

வயல் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்று முழங்கால் உயரம், ஒன்று தரையோடு தரையாக, ஒன்றுக்கு நிறமே வேறு. பிச்சைக்காரன் போர்வை.

காலையில் மார்கரித்தை அதில் அவிழ்த்துவிட்டேன். வெயில் ஏறியதும் பெயர் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டேன். புல்லிலிருந்து தலை நிமிரவில்லை.