உறை பிரித்த நாயகர்கள்

அன்புள்ள என்று எழுதிப் பழகிவிட்ட கை, இருக்கட்டும்.

வீட்டை விட்டுப் போன பிறகு நீங்கள் எழுதிய முதல் கடிதம் கிடைத்தது. கேட்டபடியே சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பெட்டியைக் கூரியரில் அனுப்பிவிட்டேன். ஒன்றும் குறையாது. பிளாஸ்டிக் உறையைப் பிரித்தால் மதிப்பே போய்விடும் என்பீர்களே, அத்தனை உறைகளையும் பிரித்துவிட்டேன்.

நம் பெண் படிக்கத்தான். ஒன்றைத் தொட்டதற்கு நீங்கள் அறைந்ததை அவள் மறக்கவில்லை.

"அப்பா என்னைக் கொன்னுடுவாரும்மா."

"அதுக்கு முதல்ல அவர் வீட்டுக்கு வரணுமேடி. நீ படி."

ஜாம் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் படித்தாள். பத்திரிகையில் நீங்கள் விமர்சனம் எழுதி மதிப்பெண் போடுவதுபோல, அட்டைகளின் மேலேயே பேனாவால் போட்டிருக்கிறாள். உலகத்தையே காப்பாற்றும் உங்கள் செல்ல நாயகனுக்குப் பத்துக்கு இரண்டு. "இவருக்கு வீட்ல யாரும் இல்லையா?" என்று பக்கத்தில் கேள்வி வேறு.

உங்கள் கடிதம் முழுக்கப் பெட்டியைப் பற்றித்தான். அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டிருந்தால், உறைகள் அப்படியே வந்து சேர்ந்திருக்கும்.

இப்படிக்கு,
இத்தனை வருடம் அந்தப் பெட்டிக்குத் தூசி தட்டியவள்