வாலில்லாத பன்றித்தலை

அன்பு மகன் கெங் சுவானுக்கு அம்மா எழுதுவது. மணிலாவில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகம் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும், அதனால் அதை முதல் வரியிலேயே எழுது. இங்கே நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம், குளிர் வந்ததும் முழங்கால் வலி மட்டும் சொந்த வீட்டுக்கு வருவதுபோல் வந்துவிட்டது. வயிற்றில் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதா, அரிசி மூட்டையை நீயே தூக்குகிறாயா, தூக்காதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, களைந்த அரிசியையே மறுபடி களைகிறேன். கடையை விட்டு வர முடியாது, நன்றிப் பூசையை நீங்களே செய்துவிடுங்கள், என் போட்டோவை வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறாய். போட்டோவா ஊதுபத்தி பிடிக்கும். உனக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று முற்றத்தில் மண்டியிட்டு வானத்தரசரிடம் நான் சொன்னது, என் மகன் பிழைத்தால் வருஷக் கடைசியில் அவனே வந்து தலையும் வாலுமாக நன்றி செலுத்துவான் என்று. அவனே என்று சொன்னேன். கேட்டபடி கொடுத்தார். நம் சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் இருபத்துநான்கில் சாமிகள் எல்லாம் மேலே வானத்துக்குப் போய்விடும், அதற்குள் செலுத்தவேண்டும். மருமகள் இதைப் படித்துச் சிரிப்பாள், சிரிக்கட்டும், கல்யாணத்தன்று ஆமை வடிவத்தில் நான் செய்த அரிசிப் பலகாரத்தை ரப்பர் என்று சொன்னவள்தானே.

என் தம்பி ஹுவாத்தை நீ பார்த்ததில்லை. எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவனுக்கு அம்மை வந்து இறங்கியது, அப்பா இதே மாதிரி வேண்டிக்கொண்டார். முழுப் பன்றிக்கு நமக்கு எங்கே வசதி, தலையை அவித்து அதன் வாயில் வாலைக் கொடுத்தால் முழுப் பன்றி வைத்த மாதிரி. அவித்ததைப் பார்த்துக்கொள்ளப் பெரியம்மாவை விட்டார்கள், அப்பாவின் அண்ணன் மனைவி, அவள் பெயரை என் கையால் எழுதமாட்டேன். அவள் மகன் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பான், அதற்குப் பன்றிவால் கடிக்கக் கொடுப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான், ஆனால் சாமிக்குக் காட்டிய பிறகு. அவள் அதற்கு முன்னாலேயே வாலை எடுத்துவிட்டு, தோலை ஒரு துண்டு நறுக்கிச் சுருட்டிப் பன்றி வாயில் செருகினாள். நான் பார்த்துவிட்டேன். என்னடி முழிக்கிற, சாமி என்ன வாயத் தொறந்தா பாக்கப்போவுது என்றாள்.

அப்பா ஹுவாத்தைப் பக்கத்தில் மண்டியிடவைத்து, நன்றியை ஏற்றுக்கொண்டீர்களா என்று கேட்டுப் பிறைக்கட்டைகளைப் போட்டார். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால்தான் சாமிக்குச் சம்மதம், மூன்று தரமும் இரண்டும் மல்லாந்தே விழுந்தன. சாமி சிரிக்குதுப்பா, சந்தோஷந்தான் என்று அப்பாவே சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டார். புத்தாண்டு கழிந்து வரும் விளக்குத் திருநாளுக்கு முன்னால் ஹுவாத்துக்கு மறுபடி காய்ச்சல் வந்தது, செத்துப்போய்விட்டான்.

பெரியம்மா செத்தபோதுகூட நான் அழப் போகவில்லை, வாலைத் திருடியவள் என்று இந்த ஊருக்கே சொன்னேன், உனக்கும் நூறு தரம் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்று அவள் வாலை இரண்டாக வெட்டி, சொல்லிடாத என்று ஒரு பாதியை என் கையில் கொடுத்தாள். நான் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றேன். ருசியாக இருந்தது. அப்பா கட்டையைப் போட்டபோது என் உதட்டில் கொழுப்பு காயவில்லை, வாயைத் திறந்திருந்தால் வேறு தலையும் வாலும் வாங்கியிருப்பார். உன் அப்பாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

அதனால் இந்தத் தரம் குறை வைக்க என்னால் ஆகாது. கசாப்புக்காரனிடம் வாலை என் கையில்தான் தரவேண்டும் என்று சொல்லிவிட்டேன், கிழவிக்குப் பைத்தியம் என்கிறான். பெரியம்மாவின் பேரன் உதவ வரட்டுமா என்றான், வாசலோடு நில் என்றேன். வாலை வாயில் வைப்பது நான், ஊதுபத்தி எரிந்து முடியும்வரை பக்கத்தில் நிற்பதும் நான். ஆனால் அன்று பாதி வாலைத் தின்ற என்னை யார் பார்த்துக்கொள்வது, நீ வந்து நில்.

குலம் தழைத்து, வயிறு ஆறி, உன் பிள்ளைகள் உன் பேச்சைக் கேட்டு நீ நெடுநாள் வாழவேண்டும். இருபத்துமூன்றாம் தேதி மத்தியானத்துக்குள் வந்துவிடு, கம்பளிச் சட்டையை மறக்காதே.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா