தூக்கு லா மாப்ள

மச்சான்,

ஹெட்போனைத் தலையில் மாட்டியதும் உன் தைல வாடை மூக்கில் ஏறியது. காதில் அழுந்தும் பஞ்சில் ஊறிப்போய்க் கிடக்கிறது. துடைத்துப் பார்த்தேன், வெயிலில் போட்டும் பார்த்தேன். போகவில்லை. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் வாடையை மட்டும் இங்கே விட்டுப் போக உன்னால்தான் முடியும்.

இன்றைக்கு எனக்கு உன்மேல் சரியான கடுப்பு. காரணத்தைச் சொல்கிறேன், கேள்.

என் வீட்டு ஹாலில் நாம் கம்ப்யூட்டரில் ஓட்டுவோமே, அந்த விமான விளையாட்டுக்கு அப்டேட் வந்தது. என்னைக் கேட்காமலே ஏறிக்கொண்டது. அதற்கென்று தனியாக வாங்கி, மாதக்கணக்கில் நீ நோண்டி நோண்டி மாற்றி வைத்திருந்த போர் விமானம், கடையில் வாங்கிய நாளில் இருந்தது போலவே ஆகிவிட்டது. வாலில் நீ வரைந்த செம்பனைக் குலை இல்லை. வேகம் குறைக்கும் விசைக்கு மேல் நீ எழுதிய ‘கோஸ்தான்’ இல்லை. லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லும் வார்த்தைக்குப் போர் விமானத்தில் என்ன வேலை என்று அன்று கேட்டேன். “வேகம் கொறையுதுல்ல? அப்ப அது கோஸ்தான் தான் லா” என்றாய். உன்னோடு பேசி ஜெயிக்க முடியுமா?

அதெல்லாம் போகட்டும். உன் குரலும் போய்விட்டது. அதுதான் இப்போது வீட்டில் பிரச்சினை.

விமானம் தலைகுப்புற வேகமாக இறங்கினால், மேலே தூக்கச் சொல்லி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எச்சரிப்பாள். அவள் சத்தம் பிடிக்கவில்லை என்று அவளை எடுத்துவிட்டு உன் குரலைப் பதிவு செய்து வைத்தாய். “தூக்கு லா மாப்ள, தூக்கு!” அதுவரை நல்லதுதான். ஆனால் எந்த உயரத்தில் கத்த வேண்டும் என்கிற இடத்தில் முந்நூறு என்று போட்டாய். நீ மனதில் நினைத்தது மீட்டர், விளையாட்டின் கணக்கு அடி. ஆயிரம் அடியில் கத்த வேண்டிய நீ முந்நூறு அடியில் கத்தினாய். நீ வாயைத் திறப்பதற்கும் விமானம் பொந்தியான் கடலில் விழுவதற்கும் சரியாக இருந்தது. விழுந்ததும் சத்தம் அறுந்துவிடும்.

“மச்சான், நம்பரை மாத்து. நேரமே பத்தல” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

“நேரம் இருக்கு லா. நீ ஒழுங்கா தூக்கிப் பாரு, அப்புறம் பேசு.”

நெஞ்சு அடைக்கிறது என்று கழுத்தெல்லாம் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தபோதும் இதே பதில்தான். கிளினிக்குக் கிளம்பு என்று நானும் உன் தங்கச்சியும் கத்தினோம். “ஆங்கின் லா, வெறும் காத்து. லீவு போடறப்ப பாக்கலாம். நேரம் இருக்கு.” மறுநாள் வழக்கம்போல் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாய். திரும்பி வரவில்லை. இப்போது எழுதும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

வாட்ஸ்அப்பில் நாலு வார்த்தை பேசி அனுப்பும் வழக்கமாவது உனக்கு இருந்ததா? எது கேட்டாலும் கட்டை விரல் படம். அதனால் உன் குரல் இருந்த ஒரே இடம் அந்தப் பாழாய்ப்போன விமானம்தான். நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமை பசியாறி முடித்ததும் உன் தங்கச்சி வந்து என் பக்கத்தில் உட்காருவாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைத் திறப்பேன். நான் விமானத்தைக் கடலில் கொண்டுபோய்க் குத்துவேன். நீ கத்துவாய். அவள் எழுந்து சமைக்கப் போவாள்.

இன்று குத்தினேன். வெள்ளைக்காரி பேசினாள்.

“இது யாருங்க? எங்கண்ணன் எங்க?”

அவள் கேட்ட விதத்தில், நானே உன்னை அழித்துவிட்டது போல இருந்தது. கம்ப்யூட்டரில் நீ ஒதுக்கி வைத்த பழைய ஒலிப்பதிவுகளில் தேடினேன். கோப்புகளுக்கு ஒரு மனிதன் இப்படியா பெயர் வைப்பான்? ‘இதுதான்’, ‘இது இல்ல’, ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’. ஒவ்வொன்றாகப் போட்டேன். எஞ்சின் இரைச்சல், மணிச் சத்தம், ஒரு இடத்தில் நீ இருமுவது. ‘காக்கி’ என்ற ஒன்றை மட்டும் தாண்டிப் போனேன். மலாயில் காக்கி என்றால் கால் ஆயிற்றே, விமானத்தின் கால் என்றால் சக்கரம், சக்கரம் இறங்கும் சத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

உன் தங்கச்சிதான் திரையில் விரலை வைத்தாள். “இதையும் போடுங்க. அண்ணன் உங்கள அப்படித்தானே சொல்லும்? என் பூப்பந்து காக்கி, டீக்கடை காக்கி, கேம் காக்கின்னு.”

கூட்டாளிக்கும் காக்கி என்றுதான் இங்கே பெயர். எனக்கு உறைக்கவில்லை. போட்டேன்.

“தூக்கு லா மாப்ள, தூக்கு!”

அங்கே அது முடியவில்லை, மச்சான். நாங்கள் ஒருநாளும் கேட்காத மிச்சம் இருந்தது. நீ மூச்சு விடுகிறாய். பின்னால் சமையலறையிலிருந்து உன் தங்கச்சி, “அண்ணே, டீ ஆறுது” என்கிறாள். பிறகு நீ சிரித்துக்கொண்டே, “தூக்கிட்டியா? பாத்தியா, நேரம் இருக்குல்ல? சும்மா கத்துற.”

இதைக் கேட்க வைக்கத்தான் தூக்கிப் பார், தூக்கிப் பார் என்று உயிரை வாங்கினாயா? உன் முந்நூறு அடியில் எவன் தூக்குவான்? வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம்.

குரலை விமானத்தில் திரும்ப வைத்தேன். முந்நூற்றை அழித்து ஆயிரம் என்று போட்டேன். உன் தங்கச்சி, “நகருங்க, நான் ஓட்டறேன்” என்றாள். விமானம் ஓட்டும் பிடியை அவள் தொட்டதே கிடையாது. கடலைப் பார்த்து இறக்கினாள். நீ கத்தினாய். இரண்டு கையாலும் பிடியை இழுத்தாள். விமானம் தூக்கிக்கொண்டது.

“பாத்தியா, நேரம் இருக்குல்ல?” என்றாய் நீ.

அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள். “நேரம் எங்க இருந்துச்சு, அண்ணே?”

ஹெட்போனை இனி வெயிலில் போடப் போவதில்லை. நம்பர் ஆயிரத்திலேயே இருக்கட்டும். நான் சொன்னதுதான் சரி, மச்சான். இல்லையென்றால் வா, வந்து சண்டை போடு.