இரண்டு ஓரமும் கடிக்க வேண்டும்

1945 நவம்பர் 19, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. நான் மட்டும் நனைந்துகொண்டு போனேன், பெரிய கடமை வீராங்கனை.

தங்கை லூர்து (இனி லூ.) லீவில் வந்து பதினொரு நாள். சனிக்கிழமை அரியலூரில் ரயில். சிம்லா ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய்ச் சேர்ந்த நாலாம் நாள் அங்கே ஐஸ் தரையில் சறுக்கு விழா. சறுக்குகிற நர்சுகளில் இவள் ஒருத்திதான் நம் நாட்டுப் பெண். தனியாக ஆடப்போகிறாள். நினைத்தாலே எனக்குப் பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரி ஒருத்தியிடம் வாங்கிய ஐஸ் ஷூ. அடியில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் எஃகுத் தகடு. எங்களுக்குக் காட்டக் கொண்டுவந்தாள். வழியில் பெட்டிக்குள் மழை. தகட்டின் தோல் உறையை இன்று கழற்றினால் உள்ளே துரு.

லூ. குளிக்கப் போன நேரம் அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டாள். பித்தளைச் செம்பு என்று நினைப்பு. பளபளப்பு வந்தது, கரும்புள்ளியும் வந்தது.

சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள். "நின்னு காட்டு லூர்து, பாப்போம்." ஷூவை மாட்டிக்கொண்டு நின்றாள். ஈர மண்ணுக்குள் கல். வலது தகட்டின் ஓரத்தில் நெல் அளவுக்கு ஒரு பள்ளம். அவள் முகம் செத்துப்போயிற்று.

அம்மா: "நல்லதாப் போச்சு. ஒழுங்கா இங்கயே இரு. கல்யாணத்தைப் பாப்போம்."

எழுத வெட்கம்தான், ஆனாலும் எழுதுகிறேன். எனக்கும் ஒரு நிமிஷம் அதே எண்ணம் வந்தது.

20, செவ்வாய்

மழை இல்லை. சிலேட்டுக்குச்சி தீர்ந்தது.

லூ.வோடு கொல்லுப்பட்டறை. சிம்லாவில் இதற்குச் சாணை பிடித்த துரை கப்பலேறிவிட்டாராம். இங்கே சரியானால்தான் உண்டு. ஆசாரி தகட்டைக் கவிழ்த்துப் பார்த்தார். "முழுக்க மழுங்கிக் கெடக்கே. ரெண்டு பக்கமும் சாய்ச்சுத் தீட்டுறேன், ஆட்டுத் தலையே துண்டாகும்."

அரத்தை எடுத்துவிட்டார். லூ. பாய்ந்து பிடுங்கினாள். "ஐயோ, இதுக்கு ரெண்டு ஓரம் வேணும், நடுவுல நீளவாக்குல குழி வேணும்! ரெண்டு ஓரமும் ஐஸைக் கடிக்கணும். ஒத்தைக் கூராக்குனா நான் விழுந்து இடுப்பை ஒடிச்சுக்குவேன்."

"கூரா இல்லாத கத்திக்கு எதுக்கும்மா பட்டறை?" ஆசாரிக்குக் கோபம். நாளை என் அரிவாள்மணைக்கு அவரிடம்தான் போக வேண்டும்.

21, புதன்

வெயில். பனையேறும் சவரிமுத்து அண்ணனிடம் போவோம் என்று சொன்னது நான்தான். (இதை மட்டும் பெருமையாகக் குறித்துக்கொள்கிறேன்.) பாளை சீவும் அரிவாளில் முகம் மழிக்கிற ஆள். இப்போது சீசன் இல்லை, வீட்டில்தான் இருந்தார்.

அவர் கூராக்குகிறேன் என்று சொல்லவில்லை. விரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தார். குழியைத் தடவினார். "தங்கச்சி, இந்த நடுக்குழி எவ்வளவு ஆழம் வேணும்? இருக்கறது போதுமா?" லூ.வின் கண்ணில் தண்ணீர். மூன்று நாளில் கேட்க வேண்டியதைக் கேட்ட முதல் ஆள்.

பூவரசங்குச்சியைக் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டிச் செதுக்கினார். அதில் எண்ணெய், வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைக் கல்லை இடித்துச் சலித்த பொடி. நுனியிலிருந்து குதிகால் வரை ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்துவதே இல்லை. எத்தனை இழுப்பு என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன், பார்த்துக்கொண்டிருப்பதே சுகமாக இருந்தது. அவ்வப்போது ஓலை ஈர்க்கைத் தகட்டின் குறுக்கே வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். ஈர்க்கு சாய்ந்தால் ஓரங்கள் சமமில்லை என்று அர்த்தம்.

நெல் அளவுப் பள்ளத்தை என்ன செய்வது? "அதைத் தொடக் கூடாது. நிரவப் போனா மிச்ச இரும்பும் போயிடும். பிசிறை மட்டும் எடுத்தாப் போதும்." எடுத்தார். அம்மாவின் கரும்புள்ளிகளையும் அப்படியே விட்டார். "இது அழகுதான் கொறையும், வேலை கொறையாது."

கைவைக்கக் கூடாத இடம் தெரிந்த மனிதர். என்ன கை!

"ஈரத்தோட உறையில போட்டா உறையே தின்னுடும். தொடச்சு, எண்ணெய் தடவி, துணியில சுத்து." தோல் உறை அங்கேயே குப்பைக்குப் போனது.

23, வெள்ளி

பெட்டி: சேலை 6, முறுக்கு, முந்திரிப்பருப்பு, ஜெபமாலை, விளக்கெண்ணெய் சின்னக் குப்பி, ஷூ (என் பழைய பாவாடைத் துணியில் சுற்றியது). அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். லூ. இரவு சாப்பிடவில்லை. "கடிக்குமான்னு இங்க எப்படிக்கா தெரியும்? ஆயிரம் பேர் முன்னாடி விழுந்தா?"

24, சனி

கரியில் ஓடும் பஸ் இரண்டு தடவை நின்றது. அரியலூர் 11 மணி. அம்மாவும் வந்தாள். சவரிமுத்து அண்ணனும் கூட வந்தார். ஐஸ் பார்த்ததில்லையாம்.

ஸ்டேஷன் எதிரே சோடாக்கடை. மரத்தூளில் புதைத்த ஐஸ் பாளத்தைக் கெஞ்சி வெளியே எடுக்கவைத்தோம். லூ. பெஞ்சில் உட்கார்ந்து ஷூவை மாட்டினாள். ஒரு கை என் தோளில், ஒரு கை அம்மா தோளில். வலது காலைப் பாளத்தில் வைத்து ஒரு தள்ளு.

நாங்கள் குனிந்தோம். மெல்லியதாக இரண்டு கோடு. பக்கத்துப் பக்கத்தில், ஓரிடத்தில்கூடச் சாயாமல். சவரிமுத்து அண்ணன் விரலை வைத்துப் பார்த்தார். "சில்லுனு இருக்கே!" என்று சிரித்தார். லூ. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வண்டி வந்தது. அம்மா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போடி." லூ. படியில் ஒரு காலும் பிளாட்பாரத்தில் ஒரு காலுமாக என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளைப் போ என்று நான் சொன்னதே கிடையாது.

அம்மாவின் விரல்களை நான்தான் பிரித்துவிட்டேன். "ஏறுடி."