ஆணியில் தொங்கும் பெல்ட்

இஞ்சேருங்கோ,

நேற்றைய கோபம் மிச்சமிருந்தால் சோத்தோடை சேர்த்து விழுங்குங்கோ. பாரைமீன் குழம்பு மேசையிலை இருக்கு. நீங்கள் குனியக்கூடாது எண்டுதான் அடுப்படியிலை வைக்கேல்லை.

இடுப்புப் பெல்ட் கதவுக்குப் பின்னாலை ஆணியிலை தொங்குது. கிளினிக்குக்குப் போகேக்கை டொக்டருக்குக் காட்டுறதுக்கு மட்டும் கட்டுற உடுப்பில்லை அது! ஸ்கான் படத்தை வெளிச்சத்திலை பிடிச்சு அவர் வடிவாச் சொன்னவர்: முள்ளந்தண்டு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது, அதாலைதான் கால் விறைக்குது, பாரம் தூக்கினால் ஒப்பரேசனிலைதான் முடியும் எண்டு. நீங்களோ அடுத்த நாளே வள்ளத்து எஞ்சினைத் தூக்கிப் பார்த்தனீங்கள்.

பின்னேரம் கோயில் திருநாளுக்குக் கூட்டிப்போக என்ரை தம்பி றெக்சன் மோட்டச்சைக்கிளோடை வருவான். ஏறாதேங்கோ, றோட்டெல்லாம் குண்டும் குழியும். கோயிலுக்கு மெல்ல நடந்து வாங்கோ. பிசியோ மிஸ்ஸும் நடக்கத்தான் சொன்னவ.

"சூசையப்பருக்கு வைச்ச நேர்த்தி, அவற்றை சுரூபக் கூட்டைத் தோளிலை தூக்காமல் விடமாட்டன்" எண்டு நேற்று ஊருக்கே கேட்கக் கத்தினீங்கள். நான் பாதரிட்டைக் கேட்டன். நேர்த்தி வீட்டுக்குப் பொது, வீட்டிலை ஆர் தூக்கினாலும் சரி எண்டு சிரிச்சார்.

வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையோடை கொண்டு வாங்கோ.

செல்வராணி

பி.கு.: உங்கட தோள்துண்டைத் தேடாதேங்கோ. அது இப்ப என்ரை தோளிலை. கூட்டுக்கு முன்னாலை வலப்பக்கம், உங்கட இடத்திலை நான்தான் நிற்பன்.

சுரூபம் வரேக்கை மேலை சூசையப்பரை மட்டும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்காதேங்கோ. கீழை என்னையும் ஒருக்காப் பாருங்கோ.