தகடுகளின் அந்தரம்

ஜூன் 9, திங்கள்

விடாத தூறல். பாப்பாவின் ஜட்டி ஒன்றுகூடக் காயவில்லை.

பி.யூ. கல்லூரியில் (நம்மூர் பிளஸ் டூதான்) பாடம் எடுக்கும் வேலைக்கு மாதிரி வகுப்பு. தலைப்பு: மின்தேக்கி, தகடுகளின் இடைவெளி. தேதி இன்னும் சொல்லவில்லை. படிவத்தில் வீட்டுக்காரர் நம்பர்தான். என் போன் எப்போதும் பாப்பா கையில்.

"இன்னும் கூப்புடலியே புள்ள" என்றார். வேலை பார்க்கும் ஹெப்பாள் ஃபேக்டரியிலிருந்து மின்தேக்கி அளக்கும் மீட்டர் இரவல் வாங்கி வந்திருந்தார். கேட்டதும் கொண்டுவந்தாரே! ஃபாயிலை நீவியும் கொடுத்தார்.

கன்னடத்தில் சொல்லிப் பார்த்தேன். இடைவெளிக்கு அதில் 'அந்தர'. அவருக்கு ஒரே சிரிப்பு. "அந்தரமா? யார அந்தரத்துல தொங்க உடப் போற?"

ஜூன் 10, செவ்வாய்

சமையல் ஃபாயில் இரண்டு, நடுவில் தாள்கள். எட்டு, நாலு, இரண்டு, ஒன்று. இடைவெளி பாதியானால் அளவு இரட்டிக்க வேண்டும். எட்டிலிருந்து நாலு: பரவாயில்லை. ஒற்றைத் தாளில் சூத்திரம் சொன்னதில் பாதிகூட இல்லை. தப்பு என்னுடையது என்றே இரண்டு தரம் கணக்குப் போட்டேன்.

ஃபாயிலில் சுருக்கம். சுருக்கத்துக்குள் காற்று. சூத்திரத்தின் தகட்டில் சுருக்கமே கிடையாது.

அகராதியை மேலே வைத்தேன். கொஞ்சம் ஏறியது. பாப்பா அதன்மேல் உட்கார்ந்து, "நான்தான் ராணி!" மீட்டர் எகிறியது.

ஜூன் 11, புதன்

பாப்பாவைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு நேரே கல்லூரிக்கு. ஆபீஸ் அம்மாள் விழித்தார். "நிம்ம யஜமான்ரே ஹேளித்ரல்லா மேடம்? மகு சிக்கது, பரோதில்லா அந்த."

குழந்தை சின்னது, வரமாட்டாள். அவரே சொன்னாராம். சனிக்கிழமையே.

மீட்டர் வந்தது திங்கள்.

சனியிலிருந்து அந்தரத்தில் தொங்கியது நான்.

வெள்ளிக்கிழமை வர வேண்டிய ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். பத்து மணிக்கு வருகிறேன் என்றேன். படிவத்தில் அவர் நம்பரை அடித்து என்னுடையதை எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்

கேட்டேன்.

"உன்ற நல்லதுக்குத்தான். பாப்பாவ யாரு பாக்குறது?"

"அப்பறம் மீட்டர் எதுக்குக் கொண்டாந்தீங்க?"

"ஆசையாக் கேட்டியே."

பொம்மை கேட்ட பிள்ளைக்குக் கொடுத்த மாதிரி.

மதியம் தாளே வைக்காமல் ஃபாயிலோடு ஃபாயிலை ஒட்டிப் பார்த்தேன். இடைவெளி சுழி, சூத்திரப்படி முடிவிலி. தகடுகள் தொட்டுக்கொண்டால் எதுவும் தேங்காது; மீட்டரில் ஓர் எண்கூட நிற்கவில்லை. நெருங்க நெருங்கச் சேமிப்பு கூடும் என்று எழுதித்தான் முழு மார்க் வாங்கினேன்.

ஜூன் 13, வெள்ளி

மழை இல்லை. ஃபாயில், தாள், மீட்டர், அகராதி, பிஸ்கட், மாற்று ஜட்டி.

"பாப்பாவுமா?" என்றார்.

பாப்பாவுக்குச் செருப்பு மாட்டினேன். ஒற்றைத் தாள் ரீடிங்குக்கு மேலே உட்கார ஆள் வேண்டும். பஸ் 9.10.