வலது கைச் சுட்டுவிரல்

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய குடும்பத்தாருக்கு,

திசு வங்கி மூலமாக இந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேரும். நான் டயர் பஞ்சர் கடை வைத்திருப்பவன். லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்து என் வலது உள்ளங்கை கிழிந்தது. சுட்டுவிரலுக்குப் போகும் நரம்பில் ஒரு துண்டே காணாமல் போயிற்று. இரண்டு முனையையும் இழுத்துத் தைக்க முடியாத இடைவெளி. உங்கள் வீட்டில் இறந்துபோனவர் கொடுத்த நரம்பை அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள்.

டயருக்குள் விரலை விட்டுத் தடவித்தான் நாங்கள் ஆணியைக் கண்டுபிடிப்போம். எனக்கு அந்த விரல் மரக்கட்டையாக இருந்தது. ஒட்டுப் போடும் சூட்டுத் தட்டில் பட்டு வெந்தாலும் வாசனை வந்த பிறகுதான் தெரியும். போன வாரம் ஒரு பள்ளிக்கூட வேன் டயரைத் தடவியபோது விரலில் சுருக்கென்று ஒரு கம்பி குத்தியது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்குப் போகும்போது இனிப்பு வாங்கிக்கொண்டு போனேன். "கம்பி குத்தினதுக்கா இனிப்பு?" என்று என் மனைவி சிரித்தாள்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

என்றும் கடமைப்பட்ட,
பஞ்சர் கடைக்காரன்

பிப்ரவரி 27

பஞ்சர் கடைத் தம்பிக்கு,

நான் அவனுடைய அம்மா. மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

உன் கடிதம் வந்தபோது மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் பிரித்தேன். குடும்பத்தாருக்கு என்றுதானே போட்டிருந்தது, நானும் குடும்பம்தான். அவளிடம் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அவன் கண்ணை மூடிய அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் ஒரு செருப்பின் வார் அறுந்து, அதை இழுத்து இழுத்து நடந்தாள். இரண்டாவது மாடி, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து பெஞ்சு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான் கீழே டீ வாங்கப் போய்த் திரும்புவதற்குள், என் பிள்ளையைக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றேன். "கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க அத்தை" என்றாள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே வீடுதான். உப்பு வேண்டுமென்றால்கூடப் பேத்தியிடம் சொல்லித்தான் கேட்பேன்.

அது கிடக்கட்டும். அவன் உன் விரலில் இருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு இரண்டு வேளைச் சோறு இறங்கியது. கம்பி குத்தியபோது அவனுக்கும் வலித்திருக்குமே. பார்த்து வேலை செய். அவன் சூடு தாங்க மாட்டான், டீயில் ஆடை படிந்த பிறகுதான் குடிப்பான். அந்தத் தட்டுப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதே. குளிர் காலத்தில் துணி சுற்று. உனக்குப் பிள்ளைகள் இருந்தால் அந்த விரலால் கன்னத்தைத் தொடு. அவனுக்குத் தெரியும்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது.

அவனுடைய அம்மா

மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடி துணி சுற்றினேன். பக்கத்துக் கடைக்காரர், "என்னப்பா, விரலுக்குக் கல்யாணமா?" என்று கேட்டார். என் சின்ன மகள் கன்னத்தைத் தொட்டேன். "போப்பா, கிரீஸ்" என்று தட்டிவிட்டாள்.

அம்மா, உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நரம்புல உயிரோட இருந்ததையெல்லாம் கழுவி எடுத்துட்டுத்தான் உங்களுக்கு வச்சோம். மிச்சம் இருந்தது வெளிக்கூடு, முழுக்கப் புரதம். அதுல கொலாஜன்னு ஒண்ணு, குழாய் மாதிரி தாங்கி நிக்கும். லேமினின்னு ஒண்ணு, உங்க நரம்போட நுனி அதைப் புடிச்சுப் புடிச்சுத்தான் முன்னால போகும். மாசத்துக்கு ஒரு அங்குலம் போனா பெருசு. அது இல்லேன்னா நுனி வழி தெரியாம அங்கேயே சுருண்டு கட்டியாயிடும்."

"அப்ப அவரு இப்ப என் விரல்ல இல்லையா?" என்று கேட்டேன். "வளர்ந்து வந்தது உங்க நரம்பு. அந்தக் கூட்டையும் உங்க உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுட்டு, சொந்தமாக் கட்டிக்கும்" என்றார்.

கம்பி குத்தியபோது வலித்தது எனக்கு மட்டும்தான் அம்மா. இதை எழுத வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். எழுதாமல் உங்கள் பாசத்தை வாங்கிக்கொண்டால் அது திருட்டு. ஆனால் உங்கள் மகன் இல்லாவிட்டால் என் நரம்பு உள்ளங்கையோடு நின்றிருக்கும். அதுவும் உண்மை.

மன்னித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர் கடைக்காரன்

மார்ச் 31

தம்பி,

அப்படியென்றால் ஒன்றும் இல்லை. அவள் என் பிள்ளையை ஒன்றும் இல்லாததற்குக் கொடுத்திருக்கிறாள். இனி எழுதாதே.

ஜூன் 2

பஞ்சர் கடைத் தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னவளே எழுதுகிறேன். உன் மேல் கோபம் போய்விட்டது. எனக்கு அப்படிச் சுலபமாகப் போகாது, ஆனால் போய்விட்டது.

இரண்டு மாதம் அந்த லேமினின் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு தவித்தேன். நேற்று அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் இரண்டு கடிதத்தையும் துணிமேல் போட்டு, "இந்தா, படி" என்றேன். நான் பேசியதைக் கேட்டு அவள் முதலில் என் முகத்தைத்தான் பார்த்தாள். பிறகு நின்றபடியே படித்தாள்.

"உனக்கு இது தெரியுமாடி?"

"தெரியும் அத்தை. கையெழுத்து வாங்கறப்பவே சொன்னாங்க. கழுவிடுவோம், அவரோடதுன்னு கடைசில எதுவும் இருக்காதுன்னு."

"ஒண்ணும் மிஞ்சாதுன்னு தெரிஞ்சுமா கொடுத்த?"

"அவருக்கு இனிமே ஆகப்போறது ஒண்ணுமில்ல. யாருக்காவது ஆகட்டும்னு தோணுச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள் தம்பி. நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத் துணியை மடித்தேன்.

அவனில் ஒரு துண்டாவது எங்கேயாவது உயிரோடு இருந்தால்தான் அவள் செய்தது சரி என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அவள் எதுவும் மிஞ்சாது என்று தெரிந்தே கொடுத்திருக்கிறாள். எனக்கு அந்த மனசு இருந்திருக்காது. அவள் சொன்னதும் சரி, என்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உன் விரல் கட்டையாகவே கிடந்திருக்கும்.

அவள்மேல் வேறு கோபங்கள் இருக்கின்றன. பேத்திக்கு நான் சொன்ன பெயரை வைக்கவில்லை. அதை விட மாட்டேன்.

இப்போது நீ எனக்கு ஒரு காரியம் செய். உன் நன்றி வர வேண்டிய ஆள் நான் இல்லை. அவளுக்கென்று தனியாக ஒரு கடிதம் எழுது. அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. இந்தத் தாளில்கூட உன்னுடையது என்றுதான் போட்டேன், என்னுடையது என்று போடவில்லை பார். உனக்கு நன்றாக வருகிறது. கடைசியில் ஒரு வரி, "உங்கள் மாமியாரும் இதையே சொல்லச் சொன்னார்கள்" என்று போடு.

அவள் படிக்கும்போது நான் அடுக்களையில் இருந்துகொள்வேன்.

அவனுடைய அம்மா